கண் கூசாத மேலங்கி

தென்புறநகர்க் குடிநீர்ப் பகிர்மானக் கழகத்தில் எந்த விபத்தும் வீணாகப் போவதில்லை. ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு குழு கிடைத்துவிடும்.

2006 ஆகஸ்டில் அசரியாவின் முறை. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய சாலையில், தூறலில், பின்னிரவு இரண்டரை மணிக்கு, வால்வு திறக்கச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவனை ஒரு மணல் லாரி பின்னாலிருந்து தட்டியது. அங்கே தெருவிளக்கு கிடையாது. காக்கிச் சட்டை நனைந்துவிட்டால் ஆளும் ரோடும் ஒரே நிறம். அசரியாவின் தொடை எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். கழகம் மனமிரங்கி அவனைத் தபால் பிரிவு நாற்காலியில் உட்கார வைத்தது.

அவனுடைய தடம் கலீலுக்கு வந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் தொடங்கி, மேடவாக்கம் வழியாகப் பள்ளிக்கரணை வரை பதினேழு வால்வு. ஆள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஊர் விழிப்பதற்குள் எல்லாவற்றையும் திருகி முடிக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வந்தால் கலீலை யாரும் நினைப்பதில்லை. வராவிட்டால் அவன் அம்மாவை நினைப்பார்கள்.

அவன் மனைவி ஷபீனா ஆஸ்பத்திரியில் அசரியாவைப் பார்த்துவிட்டு வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"வெளிச்சம் பட்டா மின்றா மாதிரி, மழ தாங்குறா மாதிரி ஒரு கோட்டு வோணும்னு எழுதிக் குடு. ஏர்போர்ட்ல, ரோடு போடற எடத்துலலாம் போட்டுகினு நிக்கிறாங்க இல்ல, அது. நீ குடுக்காட்டி நானே ஆபீசுக்கு வந்து கேப்பேன்."

கலீல் எழுதிக் கொடுத்தான். இரண்டு வரி. மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

அந்த இரண்டு வரிக்குப் பதினைந்து நாளில் பதில் வந்தது. 'இரவுப் பணிக்கான ஒளி எதிரொளிப்பு மற்றும் மழைத்தடுப்பு மேலங்கித் தெரிவுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், உதவிச் செயற்பொறியாளர் சம்பந்தம். உறுப்பினர்கள், கண்காணிப்பாளர் அபிதகுஜாம்பாள், பண்டகக் காப்பாளர் அரிகிருஷ்ணன். 'பயனாளி உறுப்பினர்' என்று கடைசியில் கலீல். குழு பகல் பதினொரு மணிக்குக் கூடும். கலீல் தூங்கும் நேரமும் அதுதான்.

முதல் கூட்டத்தில் மேலங்கியைப் பற்றிப் பேச்சே வரவில்லை. சம்பந்தம் எதையும் அடியிலிருந்து செய்கிறவர்.

"முதல்ல நைட்னா என்னன்னு ஒரு கிளாரிட்டி வேணும். டெஃபனிஷன் இல்லாம பர்ச்சேஸ் பண்ணினா நாளைக்கு ஆடிட்ல நான்தான் நிக்கணும்."

"இருட்டிப் போச்சுன்னா நைட்டு சார்" என்றான் கலீல்.

"அது உங்க அபிப்பிராயம்."

அபிதகுஜாம்பாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், ஆபீஸ் டைம் அஞ்சே முக்கால் வரைக்கும். அதுக்கப்புறம் இந்த ஊர்ல என்ன நடக்கறதுன்னு நம்ம ரெக்கார்டுல எதுவும் கிடையாது."

ஒரு மணி நேரம் பேசி முடிவெடுத்தார்கள். இரவு என்பது அலுவலக நேரம் அல்லாத நேரம். அதன்படி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இரவு. கலீல் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது வெயில் கண்ணில் ஊசி போலக் குத்தியது. வீட்டுக்குப் போய்ப் படுத்தான், தூக்கம் வரவில்லை. எழுந்து வந்து வானத்தைப் பார்த்தான். மேகம் இல்லை. இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்தான்.

இரண்டாம் கூட்டம் நிறத்துக்காக. கடைக்காரர்கள் கொடுத்த நிறத் துண்டுகளை மேசையில் பரப்பியிருந்தார்கள்.

"இந்த மஞ்ச நல்லாத் தெரியும் சார்" என்றான் கலீல்.

சம்பந்தம் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "உள்ளாட்சித் தேர்தல் வருது. மஞ்சள் போட்டா ஒரு கட்சி நம்மள சந்தேகப்படும். பச்சை போட்டா இன்னொரு கட்சி கொண்டாடும், அதுவும் ஆபத்து. சிவப்பு வேண்டாம், யூனியன் ஆளுங்க வந்து உக்காந்துடுவாங்க."

"ஆரஞ்சு சார்?"

"அது காவியா ஆரஞ்சான்னு யார் முடிவு பண்றது? நீங்க பண்ணுவீங்களா?"

"நீலம்?"

"ஐயோ!" என்றார் மூன்று பேரும் ஒரே குரலில்.

கடைசியில் எந்தக் கட்சியும் உரிமை கொண்டாடாத ஒரு நிறத்தைக் குழு கண்டுபிடித்தது. கருஞ்சாம்பல். தார் ரோட்டின் நிறம்.

"சார், ரோட்டுக் கலர்ல கோட்டு போட்டுகினு ரோட்டுல போனா லாரிக்காரன் எப்படி சார் பாப்பான்?"

"அதுக்குத்தானே பட்டை இருக்கு?" என்றார் சம்பந்தம். "மின்னுற பட்டை மின்னட்டும். துணி நடுநிலையா இருக்கட்டும். பொது நிறுவனம்னா அப்படித்தான் இருக்கணும் கலீல். நாம யாருக்கும் தெரியற மாதிரி எந்தப் பக்கமும் நிக்கக் கூடாது."

தபால் பிரிவில் அசரியா காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்து உறைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். கலீல் விஷயத்தைச் சொன்னதும் பசைக் குச்சியைக் கீழே வைத்தான்.

"மச்சான், என்னைத் தட்டுன லாரி எந்தக் கட்சின்னு கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்ப அடுத்த மீட்டிங்கு அதுக்குத்தான். ரெடியா இரு."

ஆனால் அடுத்த கூட்டம் ஒளிச் சோதனைக்காக நடந்தது. அதற்குள் நோன்பு தொடங்கிவிட்டது. விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போய் வேங்கைவாசல் வால்வுக் குழி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மீதி வால்வுகளைத் திறந்துவிட்டு வந்திருந்தான் கலீல். குழுவுக்குத் தேநீர் வந்தது.

"எனக்கு வேணாம் மேடம், நோன்பு."

அபிதகுஜாம்பாளுக்குக் கவலையாகிவிட்டது. "நாலு டீ சாங்ஷன் ஆயிருக்கே. மினிட்ஸ்ல மூணுன்னு எப்படிக் காட்டறது?" கடைசியில் அரிகிருஷ்ணன் கழகத்தின் நன்மைக்காக இரண்டு குடித்தார்.

நான்கு மாதிரி அங்கிகள் வந்திருந்தன. இருட்டில் எது மின்னுகிறது என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு ரோட்டில் வைத்துப் பார்க்கலாமே என்றான் கலீல். அது இரவு, இரவில் குழு கூட விதியில் இடமில்லை என்று விளக்கினார்கள். ஆகவே பகல் பதினொன்றரைக்கு, ஜன்னல் இல்லாத பழைய பதிவேட்டு அறையில் சோதனை நடந்தது. சைக்கிளை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். தூக்கி வந்தான். பதிவேட்டு அலமாரிகளுக்கு நடுவே இருந்த மூன்றடிச் சந்தில், வாயில் எச்சில் வறண்டு போய், ஒவ்வோர் அங்கியாக மாட்டிக்கொண்டு ஓட்டினான். கதவருகே சம்பந்தம் டார்ச்சுடன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதல் அங்கியில் வெளிச்சம் பட்டதும் பட்டை வெள்ளையாக வெடித்தது. சம்பந்தம் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஐயையோ! என்ன இது, கண்ணு கூசுது!"

"அதுக்குத்தான் சார் அது."

"எதுக்கு? எதிர்ல வர்ற பொதுமக்கள் கண்ணைக் கெடுக்கவா? நாளைக்கு ஒருத்தர் பெட்டிஷன் போட்டா யார் பதில் சொல்றது?"

இரண்டாவதும் கூசியது. மூன்றாவது கொஞ்சம் கூசியது. நான்காவது அங்கியைப் போட்டுக்கொண்டு கலீல் சந்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்து, சம்பந்தத்தின் முழங்காலில் சக்கரம் இடிக்கிற வரைக்கும் அவர் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா?" என்றார். முகம் மலர்ந்தது. "இது! இதுதான் டீசன்ட்டா இருக்கு. கண்ணுக்கு இதமா இருக்கு."

"சார், நான் வந்ததே உங்களுக்குத் தெரியலியே சார்."

"உங்களுக்கு நோன்பு. டயர்டா இருக்கீங்க. போய் ரெஸ்ட் எடுங்க."

தேர்வான அங்கியை அன்றே முறைப்படி முத்திரையிட்டார்கள். கழுத்துப் பட்டையில் ஓர் அட்டையைக் கட்டி, அதில் மூவரும் மசிப்பேனாவால் கையெழுத்திட்டு, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றினார்கள். எந்தப் பொருள் வாங்கினாலும் முதலில் இப்படி ஒரு மாதிரியை முத்திரையிட்டுப் பூட்டி வைப்பது கழகத்தின் வழக்கம். பின்னால் வந்து இறங்கும் சரக்கை அதோடு ஒப்பிட்டுத்தான் வாங்குவார்கள்.

நான்காம் கூட்டம் மழைத்தடுப்புச் சோதனை. கலீல் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். அபிதகுஜாம்பாள் பதறி எழுந்தார்.

"ஏம்ப்பா, என்ன காரியம் பண்றே? மூணு ஆபீசர் கையெழுத்து இருக்கு. நனைஞ்சா மசி கரைஞ்சுடும். மசி கரைஞ்சா சாம்பிள் செல்லாது."

"அப்ப மழ தாங்குமான்னு எப்படி மேடம் பாக்கறது?"

"நனையாமப் பாக்கணும்."

பார்த்தார்கள். அங்கியை மேசைமேல் விரித்து, சம்பந்தம் அதைத் தடவினார், அரிகிருஷ்ணன் முகர்ந்தார். வெளியே முதல் இடி இடித்தது. அரிகிருஷ்ணன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார், மாதிரியின் மேல் சாரல் அடித்துவிடக் கூடாது என்று. அன்றைய குறிப்பேட்டில் இருப்பது இது: 'மழைத்தடுப்புச் சோதனை முடியும்வரை மேற்படி மேலங்கியின் எப்பகுதியும் நனையவில்லை என்பது குழுவினரால் நேரில் உறுதி செய்யப்பட்டது.'

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் மழை வலுத்தது. ஷபீனா உரச் சாக்கை நடுவில் கிழித்துத் தலைக்கு மாட்டிவிட்டிருந்தாள். பள்ளிக்கரணை வளைவில் குப்பை லாரி ஒன்று ஹாரன்கூட அடிக்காமல் வந்தது. கலீலுக்குக் காற்றுதான் முதலில் தெரிந்தது. பாருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்புச் சாவியில் லாரியின் பக்கவாட்டுச் சட்டம் பட்டது. சைக்கிள் அவனைச் சதுப்புக்குள் தூக்கி எறிந்தது. இடுப்புவரை சேறு. லாரி நிற்கவில்லை. நிற்க டிரைவருக்குக் காரணமும் இல்லை, எதையோ தட்டினோம் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. கலீல் சாவியைத் தடவித் தேடி எடுத்தான். அது வளைந்திருந்தது. வளைந்த சாவியால் மீதி ஆறு வால்வையும் திறந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

வாசலில் ஷபீனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அழவில்லை. வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கோட்டு இன்னாச்சு?"

"கமிட்டி போட்டுகிறாங்க."

"அப்ப ராவுக்கு அந்தக் கமிட்டியப் போத்திகினு போ."

நவம்பர் முதல் வாரம் அங்கி வழங்கும் விழா நடந்தது. ஒரே ஓர் அங்கிதான், முத்திரையிட்டு வைத்த அதே மாதிரி அங்கி. மற்ற ஏழு வால்வு ஆட்களுக்கும் வாங்க மேலிட ஒப்புதல் வர வேண்டும். மின்னும் பட்டை சும்மா காலியாகக் கிடக்கிறதே என்று அதன் மேல் கழகத்தின் பெயரையும், தலைமை அலுவலக முகவரியையும், 'நீரின்றி அமையாது உலகு' என்பதையும் கறுப்பு மையால் அச்சடித்திருந்தார்கள். கொஞ்ச நஞ்சம் மின்னியதும் அதற்கடியில் போய்விட்டது.

சம்பந்தம் பேசினார்: "மூணு மாசம் இந்தக் குழு தூக்கம் இல்லாம உழைச்சிருக்கு." அவருக்குப் பின்னால் கலீல் அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். "ஒரு தொழிலாளி ராத்திரி ரோட்டுல போறப்ப நிர்வாகமே அவர் முதுகைத் தொட்டுக்கிட்டு போற மாதிரி அவருக்குத் தோணணும்."

போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அரிகிருஷ்ணன் கையை நீட்டினார்.

"கழட்டு. ஸ்டோர்ல வெக்கணும்."

"எனக்குத்தானே சார் குடுத்தாங்க?"

"உனக்குத்தான்ப்பா. யார் இல்லைன்னா? காலைல பத்து மணிக்கு வா, கையெழுத்துப் போட்டு எடுத்துக்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்து குடுத்துடு. ராத்திரி ஸ்டோர் பூட்டியிருக்கும்ல? சீல் வெச்ச சாம்பிள் ஒரு ராத்திரிகூட வெளிய இருக்கக் கூடாது."

"பகல்ல நான் தூங்குவேன் சார்."

"அப்ப மாட்டிகினு தூங்கு. யாரு கேக்கப் போறாங்க?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. கலீல் படுக்கவில்லை. ஜும்மாவுக்கு முன்னால் போய்விட்டு வந்துவிடலாம் என்று பல்லாவரம் சந்தைக்குச் சைக்கிளை மிதித்தான். உடைந்த ஃபேன், ஒற்றை ஷூ, கோழிக்குஞ்சு, டெலிபோன் என்று ஊர் கழித்துவிட்டதெல்லாம் அங்கே தார்ப்பாயில் கிடக்கும். ஒரு மூலையில் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர்கள் போட்டுக் கழித்த கோட்டுகள் குவியலாகக் கிடந்தன. குவியலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

இரண்டைப் பொறுக்கினான். ஒன்று மஞ்சள், புதுசு மாதிரி இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தான், பட்டை உரிந்து வந்தது. போட்டுவிட்டான். இன்னொன்று ஆரஞ்சு. முழங்கை கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது, பட்டை முழுசாக இருந்தது. டீக்கடையில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி வந்து, தையல் ஓரமாகப் பார்த்து ஊற்றிவிட்டு, உள்ளே கையை விட்டுத் துழாவினான். ஈரமில்லை.

"இன்னாபா, கோட்டு வாங்க வந்தியா, குளிக்க வந்தியா?" என்றாள் அந்த அம்மா.

அதை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிக் குனிந்து பார்த்தான். முதுகு மேலே ஏறவில்லை, இடுப்பை மூடியது. பிரேக் பிடித்துப் பார்த்தான். கை தடையில்லாமல் எட்டியது. மொத்தம் பத்து நிமிஷம்.

அன்று இரவு இஷா தொழுகைக்குப் பிறகு ஷபீனா சந்துக் கோடியில் டார்ச்சோடு நின்றாள். மறுகோடியிலிருந்து கலீல் கத்தினான்: "தெரியுதா?"

"உன்னைத் தெர்ல. கோட்டு நல்லாத் தெரியுது!"

"அது போதும்."

பத்து நாள் கழித்து மெமோ வந்தது. தபால் பிரிவிலிருந்து அசரியாவே நொண்டிக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தான். "உறையில போட்டு ஒட்டும்போதே படிச்சிட்டேன் மச்சான். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

'அலுவல் நிமித்தமாகக் கழக ஜீப்பில் அதிகாலை 3.10 மணிக்கு உதவிச் செயற்பொறியாளர் வந்துகொண்டிருந்தபோது, கன மழையிலும், ஏறத்தாழ நூற்றைம்பது அடி தொலைவிலிருந்தே, தாங்கள் குழுவால் அங்கீகரிக்கப்படாத ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்து சைக்கிளில் செல்வது மிகத் தெளிவாகத் தெரிந்தது. இவ்விதிமீறலுக்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

அலுவல் என்னவென்றால், சம்பந்தத்தின் மகன் அன்று அமெரிக்காவுக்கு விமானம் ஏறினான்.

விசாரணைக்குக் கலீல் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே போனான். வெளியே மழை பெய்தது. அறைக்குள் அவன் நின்ற இடத்தில் தரை நனைந்தது.

"நான் உங்களுக்கு எதிரி இல்ல கலீல்" என்று தொடங்கினார் சம்பந்தம். "ஆனா நடந்ததை யோசிங்க. என் டிரைவர் தூரத்துலயே உங்களைப் பாத்து பிரேக் போட்டான். நல்லவேளை! அவன் மட்டும் பாக்காம இருந்திருந்தா இந்த விதிமீறல் நம்ம கவனத்துக்கே வந்திருக்காது."

அபிதகுஜாம்பாள் தலையசைத்தார். "சீல் வெச்ச அங்கியைப் போட்டிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காதுப்பா. யாருமே பாத்திருக்க மாட்டா."

"ஆமா மேடம்" என்றான் கலீல். "யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

"அதைக் கழட்டிக் குடுங்க" என்றார் சம்பந்தம். "சாட்சியமா ஸ்டோர்ல வெக்கணும்."

"மெமோ எத்தினி வேணா குடுங்க சார், வாங்கிக்கிறேன். கோட்டக் குடுக்க மாட்டேன்."

"அப்ப ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்."

"எடுங்க சார். எடுக்கறதுக்கு ஆளு கீறேன்ல."

அந்தப் பதிலை எப்படிப் பதிவு செய்வது என்று அபிதகுஜாம்பாள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். கடைசியில் 'பணியாளர் இருப்பதாகத் தெரிவித்தார்' என்று எழுதினார்.

அன்று பகலே அசரியா போன் போட்டு மற்ற வால்வு ஆட்கள் ஏழு பேருக்கும் மெமோவை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினான். 'நூற்றைம்பது அடி' என்ற இடத்தை ஒவ்வொருவரும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் அந்த அம்மாவின் குவியலைச் சுற்றி ஏழு சைக்கிள் நின்றன. ஏழு பேரும் சொம்பில் தண்ணீர் கேட்டதில் டீக்கடைக்காரன் சண்டைக்கு வந்துவிட்டான்.

கழகம் சும்மா இருக்கவில்லை. அங்கீகரிக்கப்படாத மேலங்கிகளை ஆராய ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறது. இன்றைய தேதியில் வால்வு ஆட்கள் எட்டுப் பேர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கிறது. எட்டுப் பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.